ஐந்தாம் படியில் விட்ட வெள்ளை

இது நடந்தது. முதலிலேயே அடித்துச் சொல்லிவிடுகிறேன். கதை கட்டும் சாமர்த்தியமெல்லாம் எனக்குக் கிடையாது. வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை லேபில் பதினேழு வருடமாக நிறம் பார்க்கிறவன் நான். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத் துணி ஒரு கையில், நாங்கள் சாயம் போட்ட துணி இன்னொரு கையில். இரண்டும் ஒரே நிறமா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஒரே நிறம் இல்லை என்று என் கண் சொன்னால் ஐந்நூறு கிலோ துணி திரும்பிப் போகும். அந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். குளம் இருக்கும் ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே இன்றும் ஜனங்கள் துணி துவைக்கிறார்கள்.

என் பெயர் அருள்செல்வன். மனைவி பெயர் கவிப்பிரியா. இரண்டு பேரும் சாத்தூர்ப் பக்கம். கல்யாணம் ஆன கையோடு, பட்டறைக்குப் போய்வரத் தோதாக ராயபுரத்துக்குக் குடி வந்தோம். குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு ஒரு கிறுக்கு பிடிக்கும். வாட்டர்கலர். விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு ஏதாவது குளக்கரைக்கோ, ஆற்றங்கரைக்கோ, உடுமலைப்பேட்டைப் பக்கம் அணைக்கட்டுக்கோ போய்விடுவோம். படித்துறை, கல்மண்டபம், மதகு… தண்ணீர் ஓரத்தில் பழசாக எது நின்றாலும் வரைவேன். தூரிகை கழுவும் தண்ணீரைக் கவிதான் மொண்டு வருவாள். எந்தக் குளத்தை வரைகிறோமோ அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் வரைய வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். படம் காய்ந்ததும் அதன் பின்பக்கத்தில் தேதி, நேரம், அன்றைக்கு என்ன பார்த்தோம் என்று இங்க் பேனாவால் நாலு வரி எழுதி வைப்பாள்.

எனக்கும் ஒரு சட்டம் இருந்தது. படத்தில் ஆள் வைக்க மாட்டேன். குளிக்கிறவரோ, துவைக்கிறவளோ, யார் எதிரே இருந்தாலும் என் படத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

"ஏங்க, என்னையாச்சும் ஒரு ஓரமா வைங்களேன்."

"ஆள் வந்தா படம் கெட்டுப்போகும் கவி."

"நான் ஆளா உங்களுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். வாரம் தவறாமல் கேட்டாள். வாரம் தவறாமல் நானும் மறுத்தேன். பன்னிரண்டு வருடத்தில் வரைந்த முந்நூறு படங்களில் ஒன்றில்கூட அவள் இல்லை.

2024 நவம்பரில் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் கவி இல்லை.

அவளை அனுப்பும்போது அவளுக்குப் பிடித்த டாப்ஸைத்தான் போட்டுவிட்டோம். அந்தத் துணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2022-ல் எங்கள் பட்டறையில் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய மொத்தத் துணி, ரிஜெக்ட் ஆனது. மயில்கழுத்துப் பச்சையில் ஒரு சொட்டுச் சாம்பல் கலந்த நிறம். டியூப்லைட்டில் பார்த்தால் பச்சை. விடியற்கால வெளிச்சத்தில் பார்த்தால் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். வாங்குகிறவன் தலையில் அடித்துக்கொண்டு திருப்பி அனுப்பினான். அதற்குப் பிறகு அப்படி ஒரு கலவை எங்களுக்கு வாய்க்கவே இல்லை. அதில் ஒரு துண்டை வாங்கி வந்து கவியிடம் கொடுத்தேன். அவளே தைத்துக்கொண்டாள். கரையில் உட்கார்ந்திருக்கும்போது பொழுது விடிய விடிய அந்த டாப்ஸ் நிறம் மாறும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்தேனே தவிர, வரையவில்லை.

மின்மயானத்தில் அந்த நிறமும் போய்விட்டது.

மூன்று மாதம் வண்ணப்பெட்டியைத் தொடவில்லை. படங்களின் பின்பக்கத்தைத் திருப்பவும் தைரியம் வரவில்லை. அவள் கையெழுத்தைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. பிறகு ஒருநாள் தோன்றியது. ஒரே ஒரு படம். அதில் கவி இருக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும். ஆனாலும் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

இடத்தையும் முடிவு செய்தேன். வீரபாண்டிக்குத் தெற்கே ஒரு பழைய குளம். தண்ணீருக்குள் நாலு கால் மண்டபம், அதற்கு எதிரே கல் படித்துறை. பல தடவை போன இடம்தான்.

2025 பிப்ரவரி 16. ஞாயிற்றுக்கிழமை.

காலை 4.50-க்கு வீட்டைப் பூட்டினேன். 5.25-க்குக் குளக்கரை. நல்ல பனி. தூரத்தில் மதகின்மேல் ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. குளத்தில் மீன் பிடிக்கும் கன்னையன். முகப்பழக்கம் உண்டு.

"வாங்க சார். தனியாவா வந்தீங்க? அம்மிணி வரலீங்களா?"

கவி இறந்தது அவருக்குத் தெரியாது.

"இல்லீங்க" என்றேன்.

5.38. படித்துறையின் மேல்படியில் மடக்கு ஸ்டூலைப் போட்டு, காகிதத்தின்மேல் சின்ன பேட்டரி விளக்கைப் பொருத்தினேன். ஜாம் பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டுகொண்டேன். இத்தனை வருடத்தில் நானே மொண்டது அன்றைக்குத்தான். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது.

வாட்டர்கலர் பழகாதவர்களுக்கு ஒரு விஷயம். நான் வெள்ளைச் சாயம் தொடுவதில்லை. காகிதத்தின் வெள்ளைதான் வெள்ளை. எந்த இடம் வேண்டுமோ அதை ஆரம்பத்திலேயே விட்டுவிட வேண்டும். சுற்றிலும் சாயம் ஏறிவிட்டால் பிறகு அழுதாலும் அந்த இடம் திரும்ப வராது. அன்று படிகளைப் பூசும்போது, தண்ணீருக்கு மேலே ஐந்தாவது படியில், ஒரு பெண் உட்கார்ந்த அளவுக்கு வெள்ளை விட்டேன். கவிக்கு விட்ட இடம்.

5.52. மண்டபம் முடிந்தது. படிகள் முடிந்தன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஐந்தாவது படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு முதுகைக் காட்டியபடி. முழங்காலைக் கட்டிக்கொண்டு. நான் வெள்ளை விட்ட அதே அளவில்.

அவள் வந்த சத்தம் கேட்கவில்லை. கொலுசுச் சத்தம்கூட இல்லை. துவைக்க வந்த பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வாளி இல்லை. துணி இல்லை.

5.58. கிழக்கே லேசாக வெளுத்தது.

அவள் போட்டிருந்த டாப்ஸ் இருட்டில் சாம்பலாகத்தான் தெரிந்தது. வெளிச்சம் ஏற ஏறப் பச்சை வந்தது. பிறகு அந்தப் பச்சை மெல்ல மெல்ல…

கத்திரிப்பூ நிறமாக மாறியது.

பதினேழு வருடத்தில் என் கண் ஒரு நிறத்திலும் ஏமாந்ததில்லை. அதே லாட். உலகத்தில் வேறு எந்தத் துணியும் அப்படி மாறாது. அந்தத் துணியை நானே என் கையால் நெருப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

பயம் வரவில்லை. நம்புங்கள். பயம் வர வேண்டிய இடத்தில் அழுகை வந்தது.

"கவி…"

அவள் திரும்பவில்லை. 6.02. குரல் மட்டும் வந்தது. மெதுவாக, சளி பிடித்தவர்களின் குரல் மாதிரி.

"இந்தத் தடவையாச்சும் என்னைய வைங்க."

"வைக்கிறேன். வைக்கிறேன் கவி. அசையாம இரு."

பச்சையில் சாம்பலைக் கலந்தேன். ஒரு துளி ஊதா. வெள்ளை விட்ட இடத்தில் தொட்டேன். முதல் தடவையாக என் காகிதத்தில் ஒரு ஆள். என் கவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தது நிழல் போடலாம் என்று தண்ணீரைப் பார்த்தேன்.

மண்டபத்தின் நிழல் தண்ணீரில் இருந்தது. படிகளின் நிழல் இருந்தது.

அவள் நிழல் இல்லை.

சொட்… சொட்… சொட்…

சத்தம் அவளிடமிருந்துதான் வந்தது. அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லை. அவள் குளித்ததையும் நான் பார்க்கவில்லை.

6.09. குனிந்து தூரிகையைக் கழுவினேன். நிமிர்ந்தேன்.

நாலாவது படியில் இருந்தாள்.

எழுந்ததைப் பார்க்கவில்லை. அதே முதுகு. அதே முழங்கால்.

குனிந்தேன். நிமிர்ந்தேன்.

மூன்றாவது படி.

"கவி, கீழே போகாத. பாசி வழுக்கும்."

6.13. கொக்குகள் மண்டபத்தில் இறங்க வந்தன. பாதியில் திரும்பிவிட்டன.

இரண்டாவது படி.

இப்போது நான் குனியவே இல்லை. கண்ணைச் சிமிட்டினேன். அவ்வளவுதான்.

அவள் தண்ணீருக்குள் இருந்தாள். இடுப்பு வரை.

"கவி! போகாத!"

ஸ்டூல் விழுந்தது. ஓடினேன். ஒன்று… இரண்டு… மூன்று படி. செருப்பு வழுக்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. கையை நீட்டினேன்.

அவள் திரும்பினாள்.

6.16.

அது கவி இல்லை.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண். முன்பின் பார்த்திராத முகம். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு. திறந்த கண். அதற்குள்ளும் தண்ணீர்.

பேயைப் பார்த்து யாராவது ஏமாந்து போவார்களா? நான் போனேன். பயம் வந்தது உண்மை. ஆனால் அதற்கும் முன்னால், மனதுக்குள் ஒரே ஒரு வரிதான் ஓடியது. நீ இல்லையா கவி… நீ வரவில்லையா…

"ஏனுங்க! சார்! எங்க போறீங்க? ஆழமுங்க அங்க!"

கன்னையன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் படியில் விழுந்தோம். தண்ணீரில் யாரும் இல்லை. அலைகூட இல்லை.

"படியில ஒரு பொண்ணு…" என்றேன்.

"ஆரையும் காணமுங்களே. நீங்கதான் தனியாப் பேசீட்டே எறங்குனீங்க."

6.34. டீக்கடை திறந்ததும் கூட்டிப் போய் உட்கார வைத்தார். கவி இறந்ததை அப்போதுதான் சொன்னேன். "கரைக்குத் தனியா வராதீங்க சாமி" என்று மட்டும் அவர் சொன்னார்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். நான் டாப்ஸ் மட்டும்தான் பூசியிருந்தேன். தலைக்கு விட்ட இடம் வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போது அங்கே நீளமான கூந்தல் இருந்தது. நல்ல கறுப்பு. என் பெட்டியில் கறுப்பே கிடையாது.

அந்த உருவம் மட்டும் காயவில்லை. மண்டபம் காய்ந்தது, படி காய்ந்தது, அவள் மட்டும் ஈரம். ஒரு வாரம் ஃபேனுக்கு அடியில் வைத்தேன். லேபில் துணித் துண்டு காயவைக்கும் அடுப்பில் பத்து நிமிடம் வைத்தேன். வெளியே எடுத்தபோது காகிதத்தின் ஓரம் பழுப்பேறியிருந்தது. அவள் ஈரமாகவே இருந்தாள். கவிக்கு விட்ட இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம்கூட வந்தது.

மே மாதம் கன்னையனிடமிருந்து போன்.

"சார், கொளத்துல வண்டல் எடுக்கறாங்க. படிக்குக் கீழ எலும்பு கெடச்சிருக்குதுங்க. நீங்க கை நீட்டுனீங்களே… அதே எடம்."

போனேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. போலீஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினார். உள்ளே கைக்குட்டை அளவுக்குத் துணி. பாலியஸ்டர் கலந்தது, அதனால் மட்கவில்லை. சேறு படிந்திருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சொல்ல வேண்டியதே இல்லை, அதே லாட்.

அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. முகத்தைப் பார்க்காமல் நிறத்தை வைத்து ஆளை அடையாளம் சொன்னவன் நான். ஒரு லாட் என்றால் ஒரு டாப்ஸா? மிச்சத் துணியை 2022 ஆடிப்பெருக்குக்கு எங்கள் முதலாளியின் பேக்கிங் யூனிட் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதை வாங்கியவர்களில் ஒருத்தி அடுத்த மாதமே காணாமல் போனாள். பெயர் ஜோதிகா. யாரோடோ ஓடிவிட்டாள் என்று கம்பெனி முழுவதும் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீ டைமில் நானும் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அவளுடைய அம்மா சீனியம்மாள் இன்னும் வீரபாண்டியில்தான் இருந்தார். தைத்த பனியனில் பிசிறு நூல் வெட்டும் வேலை. மூன்று வருடமாக வீடு மாற்றவில்லை. மகள் திரும்பி வந்தால் வழி தெரிய வேண்டுமே என்று அதே ஒற்றை அறையில் இருந்தார். நான் சொன்ன பெயரை வைத்து, எலும்பு கிடைத்த செய்தியைப் போலீஸ் அவருக்குச் சொன்ன பிறகு, படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"அம்மா, உங்க மகளுக்கு இடது புருவத்துல தழும்பு இருக்குமா?"

"சின்னதுல அம்மிக்கல்லுல விழுந்தா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

படத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழங்காலைக் கட்டிக்கிட்டு… இப்படித்தான் உக்காருவா. மனசு சரியில்லைன்னா இப்படித்தான்."

உருவத்தை விரலால் தடவினார். நான் பதறிப்போய்ப் பார்த்தேன். அவர் விரலில் சாயம் ஒட்டவில்லை. காய்ந்திருந்தது.

"ஓடிப் போயிட்டாளாம்னு எல்லாரும் பேசினாகய்யா. எம்புள்ள எங்கயும் ஓடலை. இங்கனதான் உக்காந்திருந்திருக்கா." படத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதார். "இதை எனக்குத் தந்துருவீகளா?"

கவிக்காக வரைந்த படம். கவிக்காக விட்ட வெள்ளை. தந்துவிட்டேன்.

எழும்போது கேட்டேன். "அவ என்னைக்கும்மா காணாமப் போனா?"

"2022 செப்டம்பர் பதினெட்டு. ஞாயித்துக்கெழமை. விடிகாலை அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்துக்கிட்டுப் போனவ."

ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை.

அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. பீரோவில் இருந்த படங்களைத் தரையில் கொட்டினேன். முந்நூறு படம். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஆறு மாதமாகப் பார்க்கப் பயந்த கையெழுத்து. இரவு 9.40-க்கு அது கிடைத்தது.

18.9.2022.

முன்பக்கம் அந்தக் குளம். மண்டபம். படித்துறை. ஐந்தாவது படி காலி.

பின்பக்கம் கவி எழுதியிருந்தாள்.

"காலை 6.16. கீழே அஞ்சாம் படியில் ஒரு பொண்ணு. என் டாப்ஸ் துணியேதான் அவளும் போட்டிருக்கா. ரொம்ப நேரமா அழுவுறா. போய்க் கேட்டுட்டு வரட்டுமான்னேன். வெளிச்சம் போயிடும், விடுன்னுட்டார். அவளையாவது படத்தில் வைங்கன்னேன். வைக்கலை. அப்புறம் பார்த்தா ஆளைக் காணோம்."

திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு அந்தக் காலை நினைவே இல்லை. அன்றைய வெளிச்சம் நினைவிருக்கிறது. மண்டபத்தின் நிழல் நினைவிருக்கிறது. அவள் இல்லை. கவி எழுந்து போயிருந்தால் அந்தப் பெண் இன்றைக்கு அம்மாவோடு இருந்திருப்பாள். கவியைப் போகவிடாமல் உட்கார வைத்தவன் நான்.

படத்தைத் திருப்பினேன். ஐந்தாவது படியில் விரலை வைத்தேன்.

ஈரம்.

அதற்குப் பிறகு நான் வரையவில்லை. சீனியம்மாளிடம் இதைச் சொல்லவும் இல்லை. சொல்லத்தான் வேண்டும். இரண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அவசரமாக இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அந்த ஈரம் நாளுக்கு நாள் பரவிப் பின்பக்கம் வந்துவிட்டது. கவியின் எழுத்து ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருக்கிறது. தேதி போய்விட்டது. முதல் வரி போய்விட்டது. கடைசி வரியும் போய்விட்டது. போட்டோ எடுத்துவைத்தேன். போட்டோவில் வெறும் நீலக் கறைதான் தெரிகிறது.

இன்று காலை 6.16-க்கு எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி மட்டும் மிச்சம் இருக்கிறது.

"போய்க் கேட்டுட்டு வரட்டுமான்னேன்."